மெட்டு ஏற 33 இஞ்ச் டயர் தேவையா?

கம்பத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்கிறார். சுருக்கித் தருகிறேன்.

கேரளத்தில் வண்டன்மேட்டுப் பக்கம் அப்பா காலத்தில் வாங்கிய நான்கு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக ஏறி இறங்குகிறார். வண்டி 2021 மாடல் மஹிந்திரா தார், டீசல், ஏஎக்ஸ் வேரியன்ட், டி.என். 60 பதிவு, வெள்ளை போர்டு. மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் முக்கால் கிலோமீட்டர் மண் பாதைதான் அவருக்குத் தலைவலி. போன ஆடி மழையில் டயர் இடுக்கெல்லாம் சேறு அப்பி, வண்டி பின்னுக்குச் சறுக்கி, பக்கத்துத் தோட்டத்துக் காபிச் செடியில் முட்டி நின்றிருக்கிறது.

அதற்குப் பிறகு வண்டி மாற்றித் தரும் ஒரு கடையில் விசாரித்திருக்கிறார். 285/75 ஆர்16 என்ற 33 இஞ்ச் மட் டெரெய்ன் (சேற்றுக்கென்றே செய்த) டயர், வண்டியை உயர்த்த இரண்டு இஞ்ச் லிஃப்ட், இரும்பு பம்பர், மேலே ஒரு எல்இடி பார். 25,000 ரூபாய் முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. கடைக்காரர் மூன்று சமாதானம் சொல்லியிருக்கிறார்: ஆர்.சி.யில் டயர் அளவே கிடையாது, அதனால் மாற்றினால் தப்பில்லை. தமிழ்நாட்டு வண்டியைக் கேரளத்து எம்விடி (மோட்டார் வாகனத் துறை) ஒன்றும் செய்ய முடியாது. இன்சூரன்ஸ்காரர்கள் டயரை எல்லாம் பார்ப்பதில்லை. மச்சான் ஒருவர், "கேஸ் போட்டாலும் ஐயாயிரம்தானே, கட்டிவிட்டுப் போவோம்" என்கிறாராம். கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகிற பெண்களையும் காலையில் ஏற்றிக்கொள்கிறார், தலைக்கு 50 ரூபாய் டீசல் காசு.

"சட்டப்படி பெரிய டயர் போட வழி இருக்கிறதா சார்?" என்பது கேள்வி.

அன்புள்ள நண்பருக்கு,

வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் முன்பணம் கொடுத்த வழி அது இல்லை. டயரைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உங்கள் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கடைக்காரர் சொன்னது. அதில் பாதி உண்மை, அதனால்தான் கேட்க நன்றாக இருக்கிறது. லாரி, பஸ் மாதிரியான போக்குவரத்து வண்டிகளின் பதிவு விவரத்தில்தான் டயர் அளவு வரும். சொந்த உபயோக வண்டிக்கு வராது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு எதோடு ஒப்பிடுகிறது என்று பாருங்கள். தயாரிப்பாளர் முதலில் எப்படிக் குறிப்பிட்டாரோ, அதிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. இந்தப் பிரிவை வைத்துக் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகத் தீர்ப்புச் சொன்னது: நிறம் மாற்றுவது போன்ற சின்ன விஷயங்கள் போகட்டும், தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு முரணாக எதையும் மாற்றக் கூடாது என்று. இது போக மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94, 95 இரண்டும் டயருக்கென்றே இருக்கின்றன.

எதிர்வாதமும் உண்டு, மறைக்கவில்லை. அதே 52-ஆம் பிரிவின் விளக்கத்தில், மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று இருக்கிறது. டயர் தேய்ந்தால் மாற்றுகிற பொருள், அது எப்படிக் கட்டமைப்பாகும் என்று நானே நீதிமன்றத்தில் பேசுவேன். ஆனால் அந்த வாதத்தைக் கம்பம்மெட்டில் மழையில் நின்றுகொண்டு, வண்டியில் ஆளும் சாப்பாட்டுத் தூக்குமாக, பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வைக்க முடியாது. லிஃப்டும் சேர்ந்துவிட்டால் வாதமே கிடையாது. சஸ்பென்ஷனை உயர்த்துவது கட்டமைப்பு மாற்றமேதான்.

ஐயாயிரம்தானே என்றால்

2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவை மச்சானுக்குப் படித்துக் காட்டுங்கள். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த ஐயாயிரம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனி. உங்கள் பட்டியலில் டயர், லிஃப்ட், பம்பர், விளக்கு என்று நான்கு இருக்கிறது. இரும்பு பம்பரை 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதித் தடுக்கச் சொல்லிவிட்டது. முன்பக்கம் தேடுவிளக்கு மாட்டுவது விதி 111-இல் தடை. சிறை வரை யாரும் போகமாட்டார்கள், பெரும்பாலும் சலானோடு முடிகிறது, அது சரிதான். ஆனால் அபராதம் கட்டினால் டயர் சட்டப்படியானதாக ஆகிவிடாது. அடுத்த வாரம் அதே வளைவில் அதே வண்டியை மறுபடியும் நிறுத்தலாம்.

அதைவிடக் கடுமையானது பிரிவு 53. வண்டி பொது இடத்தில் ஓட்ட ஆபத்தானது, அல்லது சட்டத்துக்கும் விதிகளுக்கும் ஒத்து வரவில்லை என்று பதிவு அதிகாரி கருதினால், குறைகளைச் சரிசெய்யும் வரை பதிவை நிறுத்தி வைக்கலாம். தன் எல்லைக்குள் இருக்கும் வண்டி என்பதுதான் அங்கே கணக்கு, டி.என். போர்டா கே.எல். போர்டா என்பது இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம். மெட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பிரிவுதான், சலானும் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் உங்கள் எண்ணைத் தேடி வந்துவிடும். மாற்றிய வண்டிகள் விஷயத்தில் கேரளத்தார் நம்மைவிடக் கெடுபிடி. 2021-இல் கண்ணூரில் யூடியூபர்கள் இருவரின் வேனை எம்விடி பிடித்தபோது நாடே வேடிக்கை பார்த்தது.

உங்களுக்கு உரிமையும் உண்டு. பதிவை நிறுத்துவதற்கு முன் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் பிரிவு 57-இன்படி மேல்முறையீடு செய்யலாம். ஒருவேளை அப்படி நடந்தால் வழியில் சண்டை போடாதீர்கள். என்ன மாற்றம், எந்தப் பிரிவு என்று சலானில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இருபது வருஷமாக விபத்து வழக்கு நடத்துகிறவனுக்கு டயர் அளவு படிக்கத் தெரியாமல் போகாது. உங்கள் ஏஎக்ஸ் தாருக்குக் கம்பெனி கொடுத்தது 245/75 ஆர்16. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம். கடைசி எண் ரிம்மின் விட்டம், இஞ்சில். கணக்குப் போட்டால் மொத்த விட்டம் சுமார் 774 மில்லிமீட்டர். கடைக்காரர் சொன்ன 285/75 ஆர்16 சுமார் 834. அறுபது மில்லிமீட்டர் கூட. ஆனால் அச்சு உயர்வது அதில் பாதிதான், மூன்று சென்டிமீட்டர். இவ்வளவு பணம் போட்டு டயரில் வாங்கும் உயரம் ஒரு தீப்பெட்டியின் அகலத்துக்கும் குறைவு. முதலில் இது தெரியுமா உங்களுக்கு?

விட்டம் ஏறக்குறைய எட்டு சதவீதம் கூடுவதால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். முள் 60-இல் நிற்கும்போது வண்டி 65 போய்க்கொண்டிருக்கும். கேரளத்தில் 2023 ஜூனிலிருந்து 726 கேமராக்கள் வைத்து அபராதம் போடுகிறார்கள். அவற்றில் வேகம் பார்க்கிறவையும் உண்டு. "மீட்டர் அப்படிக் காட்டியது சார்" என்று சொன்னால் அடுத்த கேள்வி "ஏன் அப்படிக் காட்டுகிறது?" என்றுதான் வரும். ஓடோமீட்டரும் அப்படித்தான்: 10,000 என்று காட்டினால் ஓடியது 10,775.

பிரேக் இன்னும் முக்கியம். டயரின் ஆரம் கூடினால், அதே மிதிக்கு ரோட்டில் கிடைக்கும் பிடி அதே அளவுக்குக் குறையும். டயரின் எடையும் கூடுவதால் சுழல்வதை நிறுத்தவே கூடுதல் வேலை. ஏறும்போது தெரியாது. சாயங்காலம் ஆட்களோடு இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் அகலமாகத் திரும்பி வரும்போது தெரியும். டயர் ஒவ்வொன்றும் நான்கு சென்டிமீட்டர் கூடுதல் அகலம் வேறு. முழுசாக ஒடித்தால் உள்ளே உரசும், உரசாமல் இருக்க, சக்கரத்தை வெளியே தள்ளி உட்கார வைக்கும் ஆஃப்செட் மாறிய ரிம் போட்டால் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ரோட்டில் நிறுத்துகிறவர் டேப் எல்லாம் எடுக்க மாட்டார். மட்கார்டு விளிம்பில் உள்ளங்கையை நட்டமாக வைத்து மேலிருந்து பார்ப்பார், டயர் கைக்கு வெளியே தெரிந்தால் சலான் எழுத ஆரம்பித்துவிடுவார்.

அப்படியானால் எது சரி?

உங்கள் வண்டி ஏன் சறுக்கியது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "டயர் இடுக்கெல்லாம் சேறு அப்பி." அது அளவின் குறை அல்ல, பூவின் (டயரின் மேல் வெட்டுக் கோடுகளின்) குறை. ரோட்டுக்கென்று செய்த டயரின் பூவில் சேறு நிரம்பினால் அது வழுவழு உருளையாகிவிடும். அதே 245/75 ஆர்16 அளவில், பூவில் இடைவெளி அதிகமுள்ள, ரோடு மண் இரண்டுக்கும் ஆன ஆல் டெரெய்ன் டயர் வாங்கிப் போடுங்கள். அளவு மாறவில்லை, பக்கவாட்டில் உள்ள எடைக் குறியீடும் வேகக் குறியீடும் கம்பெனி டயரில் உள்ளதற்குக் குறையாமல் இருந்தால் உங்களை யாரும் கேட்க முடியாது. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். மட் டெரெய்ன் சேற்றில் இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடிக்க மற்றதைவிட மோசம், சத்தமும் அதிகம். முக்கால் கிலோமீட்டர் மண்ணுக்காக மீதி ரோடு முழுக்க ஏன் அவதிப்பட வேண்டும்? என் வாக்கு ஆல் டெரெய்னுக்கே.

கொஞ்சம் பெரிதாகத்தான் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வழி. உங்கள் வண்டியின் அதே மாடலில் எல்எக்ஸ் வேரியன்டுக்குக் கம்பெனியே 255/65 ஆர்18 கொடுத்தது. சோதித்து அங்கீகாரம் வாங்கிய அளவு அது. விட்டம் சுமார் 789. இரண்டு சதவீதம்தான் கூட. ரிம்மையும் மாற்ற வேண்டும், செலவு அதிகம். அப்படிப் போவதாக இருந்தால் உங்கள் வேரியன்டுக்கு அது பொருந்தும் என்று டீலரிடம் எழுத்தில் வாங்கி, உத்தமபாளையத்தில் உள்ள போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு மெயில் போட்டுவிடுங்கள். ஆனால் சேற்றுக்கு 16 இஞ்ச் ரிம்மே மேல் என்பது என் அபிப்பிராயம். பக்கச் சுவர் உயரமாக இருப்பதால் காற்றைக் குறைத்து ஓட்ட வசதி. ரோட்டுக்கு வந்ததும் காற்றை மறுபடி நிரப்ப மறக்கக் கூடாது, அவ்வளவுதான். அங்குள்ள பழைய ஜீப் டிரைவர்கள் மழைக்காலத்தில் டயருக்குச் சங்கிலி கட்டுவார்கள், தார் ரோடு வந்ததும் கழற்றி எறிந்துவிடுவார்கள். எந்த இன்ஸ்பெக்டருக்கும் அதில் வேலை இல்லை.

நல்ல டயர் வாங்கிப் போட்டுவிட்டு மொட்டையாகும் வரை ஓட்டினாலும் குற்றம்தான். காருக்குப் பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் பாதைக்கு நான் அதுவரைகூட விடமாட்டேன்.

இன்சூரன்ஸ்காரர் டயரைப் பார்க்க மாட்டாரா?

சில வருஷத்துக்கு முன் என்னிடம் ஒரு தோட்டக்காரர் வந்தார். ஜீப் பள்ளத்தில் உருண்டு வண்டி மொத்தமும் போய்விட்டது. காப்பீட்டு நிறுவனம் தள்ளிவிட்டது. சர்வேயர் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதல் படம் நம்பர் பிளேட். இரண்டாவது சேசிஸ் எண். மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை நான்கு டயரின் பக்கவாட்டு எழுத்துகள், சேற்றைத் துடைத்துவிட்டு எடுத்தவை. டயர் அளவுதான் விபத்துக்குக் காரணம் என்று அவர்கள் நிரூபிக்கவில்லை, ஆனால் மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு பல வருஷம் இழுத்தார்கள். கடைசியில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள். அதற்குள் அவர் வட்டிக்கு வாங்கி வேறு வண்டி வாங்கியிருந்தார்.

மூன்றாம் நபருக்கு அடிபட்டால் நிலைமை வேறு. பிரிவு 150-இல் காப்பீட்டு நிறுவனம் சொல்லக்கூடிய தற்காப்புகள் எண்ணி எழுதப்பட்டிருக்கின்றன. டயர் மாற்றம் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி வரவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் முதலில் வருவது எது தெரியுமா? பர்மிட் இல்லாத வண்டியைக் கூலிக்கு ஓட்டுவது.

அந்த 50 ரூபாய்

உங்கள் தோட்டத்து ஆட்களை உங்கள் வண்டியில், காசு வாங்காமல், சீட்டுக்கு ஓர் ஆளாக ஏற்றிப் போவது ஒரு கதை. பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறவர்களிடம் தலைக்கு 50 ரூபாய் வாங்குவது முற்றிலும் வேறு கதை. டீசல் காசு, பெட்ரோல் காசு, டீக்காசு என்று எந்தப் பெயர் வைத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வாடகை. பர்மிட் இல்லாமல் ஓட்டியதற்குப் பிரிவு 192ஏ-இன்படி முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பிரிவு 207-இன்படி வண்டியைப் பிடித்து வைக்கலாம். பிரிவு 53-இன்படி நான்கு மாதம் வரை பதிவை நிறுத்தலாம்.

அதைவிட எனக்குப் பயம் விபத்தைப் பற்றித்தான். உங்கள் வண்டியில் வரும் பெண்களில் ஒருவருக்கு ஏதாவது ஆகி, விசாரணையில் "தினம் அம்பது ரூபா குடுப்போம்" என்று மற்றவர்கள் உண்மையைச் சொன்னால், இழப்பீடு உங்கள் தோட்டத்தைத் தேடி வரும். நிறுவனம் கொடுத்தாலும் பிறகு உங்களிடம் வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். உங்கள் சொந்த வண்டிச் சேதத்துக்கும் அடி விழும். 2010-இல் இப்படி வாடகைக்குப் போன ஒரு தனியார் வண்டி வழக்கில், கோரிக்கையை அடியோடு தள்ளக் கூடாது, நான்-ஸ்டாண்டர்டு முறையில் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த முறையில் 75 சதவீதம் வரை என்பது கணக்கு. அதையும் வழக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

காசு வாங்குவதை நாளையிலிருந்தே நிறுத்துங்கள். ஆட்களை அழைத்துப் போவதே வருமானம் என்றால், அதற்கென்று ஒரு மஞ்சள் போர்டு வண்டி, பர்மிட், இரண்டு மாநில வரி, பயணிகளுக்கும் சேர்த்துக் காப்பீடு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டுபடியாகவில்லை என்றால் மெட்டு ஏறும் டிரிப் ஜீப்காரர்களிடமே விட்டுவிடுங்கள். அந்தப் பெண்களிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

முன்பணத்தை என்ன செய்வது?

கடையில் வேலை ஆரம்பிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. லிஃப்ட், பம்பர், விளக்கு மூன்றும் வேண்டாம், 33 இஞ்சும் வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள். மறுத்தால், "செய்யப்போகும் மாற்றங்கள் அனைத்தும் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்றவை" என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டார். சட்டப்படி சரி என்று சொல்லி விற்றதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய உங்களுக்கு வழி உண்டு. ஆனால் இதற்கு அதுவரை போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். அதே முன்பணத்தை ஆல் டெரெய்ன் டயருக்குக் கழித்துக்கொள்ளச் சொன்னால் கடைக்காரருக்கும் வியாபாரம்.

விலை கேட்கும்போது நான்குக்கு இல்லை, ஐந்துக்குக் கேளுங்கள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டியில் ஸ்டெப்னி மட்டும் பழைய டயராக இருந்தால், பஞ்சரான அன்றைக்கு ஃபோர் வீலே போட முடியாது.